சங்கப் பலகையில் இடம் கேட்டு ஒரு மனு

பெறுநர்:
குறிப்பிடத்தக்கமை சரிபார்க்கும் அன்பர்கள்,
விக்கிப்பீடியா,
(கதவு எண் கிடையாது, கணினி உள்ள எல்லா ஊர்களும்)

பொருள்: தெருக்கூத்து வாத்தியார் ஒருவருக்குக் கலைக்களஞ்சியத்தில் ஒரு பக்கம் - முன் அனுமதி வேண்டுதல் - தொடர்பாக.

பார்வை: தங்களின் 'நீக்கப் பரிந்துரைக்கப்படுகிறது' அறிவிப்பு, நாள்தோறும்.

மதிப்பிற்குரிய அன்பர்களே, வணக்கம்.

கட்டுரையை எழுதிப் போட்டுவிட்டு அதற்குக் கருமாதி செய்வதைவிட, முன்கூட்டியே கேட்டுவிடலாம் என்றுதான் இந்த மனு. உங்கள் விதி எளிமையானது என்று சொல்கிறார்கள். ஒருவரைப் பற்றி, அவரோடு ஒட்டும் உறவும் இல்லாத, நம்பத்தகுந்த வெளியீடுகள் ஒன்றுக்கு மேற்பட்டவை விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஆள் பெரிய ஆளா என்று நீங்கள் பார்ப்பதில்லை. பெரிய ஆள்தான் என்று வேறு யாராவது அச்சில் போட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்க்கிறீர்கள். ஆளே எதிரில் வந்து நின்றாலும் உயிரோடு இருப்பதற்குச் சான்றிதழ் கேட்கும் அலுவலகங்களில் பழகியவர்கள் நாங்கள். எங்களுக்கு இது புரியும்.

அமெரிக்கர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமமாக இருந்தது போலிருக்கிறது. பிலிப் ராத் என்ற நாவலாசிரியர், தன் நாவல் எந்த மனிதரின் வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்று உங்கள் பக்கத்தில் தவறாக இருக்கிறது, திருத்துங்கள் என்றார். எழுதியவர் சொல்வது போதாது, வேறொருவர் சொல்லியிருக்க வேண்டும் என்று பதில் போயிற்று. மனிதர் 2012 செப்டம்பரில் 'நியூ யார்க்கர்' இதழின் இணையதளத்தில் உங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். பத்திரிகையில் வந்துவிட்டதே, அப்புறம் உங்கள் பக்கத்திலும் ஏறியது. அதே ஆள், அதே வாய், அதே சேதி. நடுவில் ஒரு பத்திரிகை, அவ்வளவுதான்.

டோனா ஸ்ட்ரிக்லாண்ட் விவகாரம் உங்களுக்கே நினைவிருக்கும். லேசர் துடிப்புகளை வலுவாக்கும் முறையை 1985-இல் தன் ஆசிரியர் ஜெரார் மூருவுடன் சேர்ந்து வெளியிட்டவர். அந்தத் துறையின் பெரிய சங்கமொன்றுக்குத் தலைவராகவும் இருந்தவர். அவரைப் பற்றிய வரைவு ஒன்று உங்கள் ஆங்கில வாசலுக்கு வந்தது. 2018 மே மாதம், ஆதாரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள். மூருவுக்கு அப்போதே பக்கம் இருந்தது. அக்டோபர் 2-ஆம் தேதி இருவருக்கும் இயற்பியல் நோபல் என்று ஸ்டாக்ஹோமில் அறிவித்தார்கள். அன்றைக்கே அம்மையாருக்கும் பக்கம் பிறந்துவிட்டது. மே மாதத்தில் இல்லாத எந்தத் தகுதி அக்டோபரில் வந்தது என்று கேட்டால், பத்திரிகைகள் முன்பே எழுதாதது எங்கள் தப்பா என்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் இந்த மனுவுக்கு ஒரு நகலும் உண்டு, கடைசியில் வருகிறேன்.

விதியே வேண்டாம் என்று சொல்பவன் நான் அல்லன். விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஹோட்டல் ஹாலில், பெயர் கேள்விப்படாத பல்கலைக்கழகத்திடம் 'மதிப்புறு முனைவர்' வாங்கியவர்கள் எங்கள் பேட்டையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் மறுநாள் காலை உங்கள் வாசலில் வரிசை கட்டுவார்கள். கையில் ஆதாரமும் இருக்கும். காசு கொடுத்தால் செய்தி மாதிரியே தோற்றமளிக்கும் விளம்பரத்தைப் போட்டுத்தரப் பத்திரிகைகள் இருக்கின்றன. ஒரு படம்கூட வெளியாகாத 'இளம் கதாநாயகர்கள்', தங்களைப் பற்றித் தாங்களே மூன்றாம் ஆளாக எழுதிக்கொள்ளும் 'சிந்தனையாளர்கள்' ஆகியோரை எல்லாம் சம்பளமில்லாமல் ராக்கண் விழித்து விரட்டுகிறீர்கள். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. என் சந்தேகமெல்லாம், அந்த வலையில் சுறா நழுவிவிடுகிறது, அயிரை மாட்டிக்கொள்கிறது என்பதுதான்.

இனி, மனுதாரரின் ஆள்.

வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடத்தும் ஒரு வாத்தியாரை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இப்படிப் பலர் இருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தடுமாறினாலும், பாரதம் முழுக்கத் தலைக்குள் வைத்திருப்பவர். 'அர்ச்சுனன் தபசு' அன்று, படி அடித்து நட்ட பனைமரத்தில், படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியிலிருந்து அவர் வீசும் எலுமிச்சம்பழத்துக்கும் விபூதிக்கும், பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப்புடவையோடு மடியேந்தி நிற்பார்கள். அவரிடம் அடவு கற்றவர்கள் இன்றைக்குத் தனித்தனியாக ஜமா வைத்திருக்கிறார்கள். ஊர் ஊராக வந்து பாக்கு வைத்து அழைக்கிறார்கள். இவரைக் குறிப்பிடத் தக்கவர் என்று அத்தனை ஊரும் முடிவு செய்து வெகுகாலம் ஆகிறது.

ஆதாரம் எங்கே என்கிறீர்கள். இதோ. முதலில் திருவிழா நோட்டீஸ். ரோஸ் காகிதம், உபயதாரர் பட்டியலுக்குக் கீழே, 'ஒலி ஒளி' அமைத்தவருக்கு மேலே, வாத்தியார் பெயர். செல்லாது, அழைத்தவர்களே அச்சடித்தது. அடுத்து யூடியூப் காணொளி. 'வேற லெவல் அர்ச்சுனன்' என்ற தலைப்பில் யாரோ பையன் செல்போனில் எடுத்து ஏற்றியிருக்கிறான், ஊரே பார்த்திருக்கிறது. செல்லாது; பையன் நம்பத்தகுந்த வெளியீடு அல்லன். மூன்றாவது, 'கலை முதுமணி' விருது. மாவட்டக் கலை மன்றம் கொடுத்தது. செய்தியும் வந்தது: 'கலைஞர்களுக்கு விருது: கலெக்டர் வழங்கினார்.' படத்தில் கலெக்டர் பெயர் இருக்கிறது, 'உடன்' நின்ற அதிகாரிகள் பெயர் இருக்கிறது. சால்வைக்குள் இருப்பவர் பெயர் இல்லை.

கடைசியாக ஒன்று, இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வு மாணவர் வந்து, திண்ணையில் உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, வாத்தியார் சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார். ஆய்வேடு ஆயிற்று, பட்டம் ஆயிற்று. பின்னிணைப்பில் 'தகவலாளர் பட்டியல்' என்ற தலைப்பில் வாத்தியாரின் பெயர், வயது, ஊர், ஒரே வரியில். ஒற்றை வரிக் குறிப்பு விரிவான பதிவாகாது என்பது உங்கள் விதி. ஆகவே இதுவும் செல்லாது. ஆனால் அதே ஆய்வாளர் தெருக்கூத்தைப் பற்றிப் புத்தகம் போட்டால் அது முதல்தரமான சான்று. சொன்னவர் தகவலாளர், கேட்டவர் ஆதாரம்!

இதற்கு வழி கேட்டு முன்பே ஒரு முயற்சி நடந்தது. 2011-இல் அச்சல் பிரபலா என்பவர், மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில், தெரிந்தவர்கள் வாயால் சொன்னதை ஒலிப்பதிவு செய்து அதையே மேற்கோளாக வைக்கலாமே என்று செய்து காட்டினார். அது உங்களிடம் பொதுவிதி ஆகவில்லை.

ஒப்பிடக்கூடாதுதான், இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் ஆங்கிலப் பதிப்பில் முதல்தர கிரிக்கெட் ஆட்டம் ஒன்றே ஒன்று ஆடியிருந்தால் போதும், பக்கம் உண்டு என்ற ஏற்பாடு பல வருடம் இருந்தது. ஆடி, பூஜ்யத்தில் அவுட்டாகி, திரும்பி வராமலே போனவருக்கும் பக்கம் உண்டு. இப்போது இறுக்கிவிட்டீர்கள், சரி. ஒரு காலத்தில் போகிமான் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் இருந்தது. பிறகுதான் பட்டியலுக்குள் அடைத்தீர்கள். உங்கள் நிறுவனர் ஜிம்மி வேல்ஸே 2007-இல் கேப் டவுனின் குகுலெத்து பகுதியில் இருந்த 'ம்ஸோலீஸ்' என்ற இறைச்சிக் கடை உணவகத்துக்கு ஒரு வரியில் பக்கம் தொடங்க, அரை மணி நேரத்துக்குள் உங்கள் நிருவாகி ஒருவர் அதைத் தூக்கிவிட்டார். முதலாளி என்றும் பார்க்காத அந்த நேர்மையைக் கண்டு ஒரு பக்கம் எனக்கு மெய் சிலிர்க்கிறது. பிறகு சண்டை நடந்து, பக்கம் நிலைத்தது. முதலாளிக்காகச் சண்டை போட ஆள் வந்தார்கள். வாத்தியாருக்கு யார் வருவார்கள் என்பதுதான் என் கவலை.

எங்கள் பக்கத்திலும் இப்படியொரு சபை இருந்தது. மதுரையில் சங்கப் பலகை போட்டு, தகுதி இல்லாதவர்களைப் பொற்றாமரைக் குளத்தில் தள்ளிவிடும் என்று கதை. ஆனால் குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோ என்ன செய்தார் பாருங்கள். சில பாட்டுகளை எழுதியவர் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. ஊர் தெரியாது, பேர் தெரியாது, சுதந்திரமான இரண்டாம்நிலை ஆதாரம் சுத்தமாகக் கிடையாது. பாட்டு நன்றாயிருந்தது. பாட்டிலிருந்த தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் என்று பேர் வைத்து உள்ளே சேர்த்துக்கொண்டார். உங்கள் அன்பர் ஒருவர் அன்றைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் மூன்று பாட்டும் விரைந்து நீக்கப்பட்டிருக்கும்.

நல்லது, வாத்தியார் இறந்த பிறகாவது செய்தி வருமா என்று யோசித்துப் பார்த்தேன். வரும், மகன்கள் காசு கட்டி 'கண்ணீர் அஞ்சலி' போடுவார்கள். அது விளம்பரம், ஆதாரம் ஆகாது. விதி எனக்குப் பாடமாகிவிட்டது.

ஆகவே மேற்படி வாத்தியாருக்குப் பக்கம் எழுதலாமா, கூடாதா என்பதைத் தெரியப்படுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குறிப்பிடத் தகாத ஒருவன்

நகல்: நாளிதழ்களின் மாவட்டச் செய்தியாளர்களுக்கு. திரௌபதி அம்மன் கோயிலின் அடுத்த அக்னி வசந்த விழாவுக்கு வரும்போது, 'திரளான பக்தர்கள் கலந்துகொண்டனர்' என்பதோடு கிளம்பிவிடாதீர்கள். தபசு மரம் ஏறியவர் இறங்கி வரும்வரை காத்திருந்து, அவர் பெயரென்ன, எந்த ஊர், யாரிடம் கற்றார், எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டு, நாலு பத்தியாவது தேதியோடு அச்சில் போடுங்கள். மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.