மலையைக் கெல்லி எலி பிடித்தவர்கள்

புரதத்துக்குள் போன தகவல் திரும்பி வராது என்று மட்டும்தான் 1958இல் பிரான்சிஸ் கிரிக் எழுதினார். சீடகோடிகள் சும்மா இருப்பார்களா? டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ, அதிலிருந்து புரதம், எதிரே வண்டி வரக்கூடாது என்று போர்டு மாட்டிவிட்டார்கள். கோழிக்குப் புற்று உண்டாக்கும் வைரஸ் ஒன்று ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏ எழுதுகிறது என்று 1964இல் சொன்ன விஸ்கான்சின்காரர் ஹோவர்ட் டெமினை யாரும் மதிக்கவில்லை. 1970 ஜூனில் அவரும் அவருடைய ஆய்வகத்து மிசுட்டானியும் ஒருபுறம், டேவிட் பால்டிமோர் இன்னொருபுறம், அப்படி எழுதும் நொதியையே கையும் களவுமாகப் பிடித்தார்கள். ஆகஸ்டில் கிரிக், ‘நான் எப்போதய்யா முடியாதென்றேன்?’ என்கிற தோரணையில் ஒரு கட்டுரை எழுதிக் கழன்றுகொண்டார்.

இந்த நொதியால் நமக்கு என்ன லாபம்? மனித மரபணு, சீரியல் மாதிரி, நடுநடுவே விளம்பரம். நம் செல்லுக்கு அதை வெட்டிவிட்டுக் கதையை ஒட்டத் தெரியும், பாக்டீரியாவுக்குத் தெரியாது. ஆகவே வெட்டி ஒட்டி முடித்த ஆர்என்ஏவைப் பிடித்து, நொதியைக் கொண்டு மறுபடி டிஎன்ஏவாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பிரதிதான் சிடிஎன்ஏ.

அன்று சர்க்கரை நோயாளிகள் இன்சுலினுக்குப் பன்றி, மாட்டுக் கணையங்களின் தயவில் இருந்தார்கள். ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டின் குழு 1978இல் சிடிஎன்ஏவை வைத்து எலியின் இன்சுலினை பாக்டீரியாவில் வரவழைத்துவிட்டது. அடுத்தது மனிதன். ஆனால் அவர்கள் ஊர் மேயர் வெலுச்சி, 1976இலேயே நகரசபையைக் கூட்டி விஞ்ஞானிகளைக் குறுக்கு விசாரணை செய்து, ஓர் உயிரின் மரபணுவை இன்னொன்றில் ஒட்டும் இந்த வேலைக்குச் சில மாதம் தடையும் வாங்கியவர். அரசு விதியோ மனித மரபணுவுக்கு உச்சகட்டப் பாதுகாப்புக் கூடம் கேட்டது. அப்படியொன்று இங்கிலாந்தில், போர்ட்டன் டவுனில் இருந்தது. கிருமிப் போர் ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம்.

1978 செப்டம்பரில் கில்பர்ட் குழுவினர் மூட்டை முடிச்சோடு அங்கே போய் இறங்கினார்கள். சொந்தத் துணியை அவிழ்த்துவிட்டு அரசாங்க உள்ளாடை, ரப்பர் பூட்ஸ், இரண்டு ஜோடி கையுறை, தலையில் தொப்பி என்று மாட்டிக்கொண்டால்தான் உள்ளே அனுமதி. கொண்டுபோன புட்டிகளுக்கும் ஃபார்மால்டிஹைடு அபிஷேகம். இந்தக் கோலத்தில் வாரக்கணக்கில் உழைத்து, மனித இன்சுலின் மரபணுவைப் பிடித்துவிட்டதாக நம்பி, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்தார்கள்.

எலி! ஹார்வர்டில் கையாண்ட அதே எலி இன்சுலின் டிஎன்ஏ, எப்படியோ சாமான்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. உள்ளேயிருந்து எதுவும் வெளியே போகாமல் காத்தவர்கள், வெளியேயிருந்து உள்ளே வருவதை யோசிக்கவில்லை.

இதற்குள் கலிபோர்னியாவில் ஜெனென்டெக் நிறுவனத்துக் கோஷ்டி மனித இன்சுலின் மரபணுவை ரசாயனத்தில் துண்டு துண்டாகச் செய்தே காரியத்தை முடித்திருந்தது. மனித உடலிலிருந்து எடுத்ததல்ல என்பதால் அந்த விதிகள் பெரிதாகக் குறுக்கே வரவில்லை. செப்டம்பர் 6 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார்கள். 1982இல் மருந்துக்கு அனுமதியும் கிடைத்தது. ஆனால் அடுத்து வளர்ச்சி ஹார்மோனுக்கு வந்தபோது, 191 அமினோ அமிலம் நீண்ட அதன் மரபணுவை முழுக்கக் கையால் செய்யக் கட்டுப்படியாகவில்லை. பெரும்பகுதிக்குச் சிடிஎன்ஏவிடமே போய் நின்றார்கள்.

கில்பர்ட்டும் வெறுங்கையோடு போகவில்லை. 1980இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது. டிஎன்ஏவை எழுத்தெழுத்தாகப் படித்து, எலியா மனிதனா என்று கண்டுபிடிக்கும் முறைக்காக.