முதல் பலகைக்காரர்

முதல் பலகைக்காரர் காவிரிப் படுகையில் பிறந்து ஆல்ப்ஸ் அடிவாரத்தில் முற்றுபவர். சொந்த ஊர் திருவிடைமருதூர். ஆடுதுறை, கும்பகோணம் கிளைகளும் உண்டு. இருப்பிடம் சூரிக், தொழில் கணினி, வயது நாற்பதை ஒட்டி, தொப்பை நிச்சயம். ஊரில் அவர் ஏறிய பெரிய மேடு காவிரிக் கரை. சறுக்கிய ஒரே பலகை, நடவுக்கு முன் சேற்றை மட்டம் செய்யும் பரம்பு. மாட்டுக்குப் பின்னே பாரத்துக்காக அதில் நின்று போன அனுபவம் பனிக்கும் போதும் என்பது அவருடைய திடமான எண்ணம். பரம்பை மாடு இழுக்கும், நிலம் சமமாக இருக்கும், விழுந்தால் சேறு வலிக்காது என்பதையெல்லாம் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

சொந்தமாக முதல் ஆல்பைன் பலகை வாங்கும் நிலை சட்டென்று வருவதல்ல. இரண்டு குளிர்காலம் வாடகை ஸ்னோபோர்டில், மெத்தென்ற பூட்ஸ் போட்டு, பனியைக் குறுக்கே சுரண்டியபடி இறங்கிக்கொண்டிருப்பார். ஒருநாள் ஃப்ளூம்சர்பெர்க்கில் நாற்காலி லிஃப்டில் போகும்போது, கீழே ஒரு வெள்ளைத்தாடிக்காரர் பலகையை அதன் விளிம்பின்மேல் நிறுத்தி, கை பனியில் உரசும்படி சாய்ந்து, மெல்லிய ஒற்றைக்கோடு போட்டுக்கொண்டு போவது கண்ணில் படும். அதற்குப் பெயர் கார்விங்: பலகை வழுக்காமல், தன் விலாவின் உள்வளைவைப் பிடித்துக்கொண்டு தானே திரும்புவது. ஒரே வாரத்தில், ஸ்னோபோர்டு 1998இல் நாகானோவில் ஒலிம்பிக்குக்குள் நுழைந்ததும், சுவிட்சர்லாந்தின் பிலிப் ஷோக் 2002, 2006 இரண்டிலும் தங்கம் வாங்கியதும், எஸ்டர் லெடெக்கா 2018இல் ஸ்கீயிலும் பலகையிலுமாக இரண்டு தங்கம் எடுத்ததும் அவருக்கு அத்துப்படி. ஆபீஸில் தயிர்சாத டப்பாவைச் சாய்த்துச் சாய்த்துக் கோணம் விளக்குவார்.

கார்விங்குக்கென்றே உள்ளது ஆல்பைன் பலகை; கற்பவருக்கு அதில் எது என்பதில் பெரிய சர்ச்சை கிடையாது. நடுத்தர எடைக்கு 160 முதல் 168 செ.மீ. வரை நீளம், 20 அல்லது 21 செ.மீ. இடை அகலம், 10 முதல் 12 மீட்டர் வரை உள்வளைவின் ஆரம், அதிக விறைப்பில்லாத உடம்பு. ஆரம் சிறிதானால் மெதுவாகப் போகும்போதே பலகை திரும்பும். பந்தயப் பலகை 185 செ.மீ., 20 மீட்டர் ஆரம் என்று போகும். அது வேகம் எடுத்தால்தான் வளையும். அந்த வேகத்துக்கான தைரியம் வளைக்கத் தெரிந்தவருக்குத்தான் வரும். முதல் பலகைக்காரர் இவ்வளவையும் படித்து, அட்டவணை போட்டு, கடைசியில் 185ஐ வாங்குகிறார். தீபாவளிக்குத் தீபாவளி கும்பகோணம் ஜவுளிக்கடையில், “வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெரிசாவே குடுங்க” என்று கேட்டு வளர்ந்தவர் அவர். இன்றைய திறமைக்கு எடுத்தால் அடுத்த வருஷம் பற்றாமல் போகும் என்று பயம். நாற்பது வயதில் இனி எது வளரப்போகிறது என்று சுவிஸ் கடைக்காரர் கேட்பதில்லை, நாகரிகம் தெரிந்தவர்.

பூட்ஸிலும் இதே கதைதான். கடினமான பிளாஸ்டிக் பூட்ஸைப் பாதத்தின் நீளத்தை அளந்து, அதே செ.மீ. கணக்கில் எடுக்க வேண்டும். குதிகால் உள்ளே எழும்பவே கூடாது. இவர் 27 பாதத்துக்கு 28.5 எடுத்து, மிச்சத்தைக் கம்பளிக் காலுறையால் நிரப்புவார்.

அவர் மனம் அதிகம் அலைவது பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கில். அலைய வேண்டிய இடமும் அதுவே. ஒரு வகையில் குனிந்து கையால் பூட்ட வேண்டும். மற்றதில் குதிகாலை அழுத்தினால் ஊசிகள் தாமே பூட்டிக்கொள்ளும். கழற்ற, காலோரம் மேலே வரும் கயிற்றை இழுத்தால் போதும். லிஃப்ட் ஏறும் ஒவ்வொரு தடவையும் பின்காலை விடுவிக்க வேண்டியிருப்பதால் தொப்பைக்காரருக்கு இரண்டாவது வகை வரப்பிரசாதம். இதை மட்டும் ஆராயாமலே சரியாகத் தேர்ந்துவிடுகிறார். பைண்டிங்கின் தட்டு விஷயத்தில் மறுபடி சறுக்கல். கொஞ்சம் நெளியும் பிளாஸ்டிக் தட்டு கற்பவரின் தப்பை விழுங்கிவிடும். பந்தய உலோகத் தட்டு அதை அப்படியே பலகைக்குச் சொல்லிவிடும். பித்தளைப் பாத்திரத்தைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்கிய குடும்பம், உலோகத்தைத்தான் எடுக்கும். 20 செ.மீ. இடையுள்ள பலகையில் பாதங்களை ஏறக்குறைய 60 பாகை முன்னோக்கித் திருப்பினால்தான் பூட்ஸ் ஓரம் தாண்டிப் பனியில் இடிக்காது. பூட்ஸ் பெரிதாகப் பெரிதாக இன்னும் திருப்ப வேண்டும், முழங்கால்தான் பாவம்.

விழுந்தால் ஸ்கீ பைண்டிங்கைப் போல இது தானாகக் கழன்றுகொள்ளாது என்று கடைக்காரர் எச்சரிப்பார். “அது இருக்கட்டும், கடைசி விலை என்ன?” என்பதே பதில். வீடியோவில் பலகையைப் பார்க்கும் அம்மா, “ஏன்டா தம்பி, ரெண்டு காலையும் கட்டிப் போட்டுட்டா எப்படிடா எழுந்துப்ப?” என்று கேட்பார். இந்தக் கொள்முதல் முழுவதிலும் கேட்கப்பட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

ஜனவரியில் பலகை பனியில் இறங்கும். முதல் வளைவு முடிவதற்குள் ஓடுபாதையின் அகலம் முடிந்துவிடும்; ஆரஞ்சு வலை அவரைத் தாங்கிக்கொள்ளும். பிப்ரவரியில் இடுப்புப்பிடிப்பு, மார்ச்சில் வேலைப்பளு, ஏப்ரலில் விற்பனை விளம்பரம். பழைய ஆல்பைன் பலகை வாங்குகிறவர்கள் அடிப்பக்கம் உப்பியிருக்கிறதா, ஓர இரும்பு துருப்பிடித்திருக்கிறதா, தரையில் வைத்தால் நடுப்பாகம் இன்னும் வில்லாக எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் பலகைக்காரரின் பலகையில் இந்தக் குறை ஒன்றும் இருக்காது. நீளத்தை மட்டும் பார்த்துக்கொள்ளவும்.