வேங்கைப் பூவைக் காட்டிய கேமரா

சித்ரா பௌர்ணமியன்று குமுளியில் ஜீப்புக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால், மலைமேல் யாரோ பெரிய இடத்துக் கல்யாணம் என்று தோன்றும். தோன்றுவதில் பாதி சரி. புருஷன் பெண்டாட்டி சேர்ந்த இடம்தான் அது. சேர்ந்தது புருஷன் செத்த பிறகு என்பது மட்டும்தான் சின்னக் குறை. வருஷத்தில் அந்த ஒரு நாள், தேனியும் இடுக்கியும் சேர்ந்து காவல் நிற்க, மங்கலதேவி மலையில் கண்ணகி கோட்டம் திறக்கும். கூடலூர்க்காரர்கள் பளியங்குடி வழியாக நடந்தே ஏறிவிடுவார்கள்.

ஜோடியின் பூர்வகதை தெரிந்ததுதான். கோவலன் பாட்டில் கெட்டி, பணத்தில் ஓட்டை. நாட்டியக்காரி மாதவியின் மாலை ஒன்றுக்கு 1,008 கழஞ்சுப் பொன் எடுத்து வைத்த வணிகர் மகன். கடைசியில் அந்த உறவு முறிந்ததும் பாட்டால்தான். இந்திர விழாவில், கடற்கரையில், அவன் யாழை வாங்கி யாரையோ நினைத்தாற்போலப் பாட, அவளும் யாரையோ நினைத்தாற்போலத் திருப்பிப் பாட, ஆள் எழுந்து போயேவிட்டான். இன்றைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்துச் சண்டை போடுகிறவர்கள் தாங்கள் புதுசாக ஏதோ செய்வதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

வீடு திரும்பியவன் கண்ணகியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினான். புதுசாய் வாழத் தொடங்கும் பயணம். துணைக்கு வந்தது யார்? கவுந்தி அடிகள், சமணத் துறவி. ஹனிமூன் பஸ்ஸில் பெரியம்மா ஏறி நடு சீட்டில் உட்கார்ந்த கதை. ‘இவர்கள் யார்?’ என்று வழியில் இரண்டு பேர் விசாரிக்க, ‘என் மக்கள்’ என்றார் அடிகள். ‘ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஜோடி சேருவதுண்டோ?’ என்று அவர்கள் இளித்தார்கள். அடிகள் தரப்பில் சாபம் விழ, அடுத்த நிமிஷம் நரிகளாகி ஊளையிட்டார்கள். தண்டனை 12 மாதம். 1964-ல் வந்த ‘பூம்புகார்’ படத்தில் இந்த வேஷத்தை கே.பி. சுந்தராம்பாளுக்குக் கொடுத்தார்கள். கணவர் கிட்டப்பா 1933-ல் போனதிலிருந்து எந்த நடிகரோடும் ஜோடி சேராமல் வெள்ளைப் புடவையில் வாழ்ந்தவர். மேக்கப்மேனுக்கு அன்று பாதி வேலை மிச்சம்.

மதுரையில் நடந்ததை விடுங்கள், அதைச் சொல்லத்தான் ஊரெல்லாம் ஆள் இருக்கிறதே. குமுளிக்காரனுக்கு வேண்டியது அதற்குப் பிந்தைய பதினாலாம் நாள். வைகைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறிய கண்ணகி, வேங்கை மர நிழலில் நிற்கிறாள். தேவர்களோடு வானவூர்தியில் வந்து இறங்குகிறான் கோவலன். காப்பியம் முழுக்கத் தாமதமாக வந்தே பழகியவன், முதல்முறையாக வண்டியோடு வருகிறான். வந்தவன் என்ன சொன்னான்? மன்னிப்புக் கேட்டானா? அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாளா? காப்பியத்தை எழுதிய துறவி இளங்கோ வாயே திறக்கவில்லை. நேரில் பார்த்த குன்றக் குறவர்கள் தூரத்திலிருந்து பார்த்ததைச் சேரன் செங்குட்டுவனிடம் சொன்னதோடு சரி. லாங் ஷாட், அதுவும் ஊமைப்படம். இரண்டு முகம் நெருங்கும்போது கேமராவைத் திருப்பி இரண்டு பூவை முட்டவிடும் வித்தையைக் கோடம்பாக்கம்தான் கண்டுபிடித்தது என்று நாம் கேலி செய்கிறோம். துறவி எடுத்த காதல் காட்சியில் கேமரா அன்றைக்கே வேங்கைப் பூப் பக்கம் திரும்பிவிட்டது.

பின்னால் வந்தவர்களும் அந்தக் காட்சியை எடுக்கத் துணியவில்லை. எல்லோருக்கும் கோபக்காரக் கண்ணகிதான் வேண்டும். 1968-ல் மெரினாவில் வைத்த சிலையிலும் சிலம்பும் கையுமாகத் தனியாகத்தான் நிற்கிறாள். 2001-ல் தூக்கினார்கள், 2006-ல் திரும்ப வைத்தார்கள். இரண்டு தடவையும் கோவலனைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் மணலில் ஒரே துப்பட்டாவுக்குள் உட்கார்ந்திருக்கும் ஜோடிகளுக்கு அவள் என்ன சொல்வாளோ!

இந்த மலைதான் அந்தக் கோட்டம் என்று 1963-ல் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார் அடையாளம் காட்டினார். இன்று கீழே தேக்கடிப் படகுத்துறையிலும் தேயிலைச் சரிவிலும் கல்யாணத்துக்கு முந்தின போட்டோ ஷூட் அமர்க்களப்படுகிறது. ‘சார், கொஞ்சம் கிட்ட வாங்க, மேடத்தைப் பாருங்க, கேமராவைப் பார்க்காதீங்க’ என்று கத்துகிறார் போட்டோகிராபர். மேலே புலிகள் காப்பகக் கெடுபிடி. ஒரு நாள்தான், அதுவும் வண்டி என்றால் பாஸ் ஒட்டிய ஜீப்புக்குத்தான் வழி. பாஸ் இல்லாமல் அந்த உச்சிக்கு வந்து, சவாரியையும் ஏற்றிக்கொண்டு போன வண்டி கோவலனுடையது ஒன்றுதான்.