காசு போட்டால்தான் கத்தி

ஒரு பூதத்தை வெட்ட எவ்வளவு செலவாகும்? 1985ல் இதற்குத் துல்லியமான விடை இருந்தது. வெட்டு ஒன்றுக்குச் சுமார் 3 அமெரிக்க சென்ட்.

கணக்கு இதுதான். தொலைபேசிக் கம்பி வழியாகத் தன் பெரிய கணினிகளை மணிவாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தது கம்ப்யூசர்வ் என்ற அமெரிக்க நிறுவனம். அதில் அந்த ஆண்டு 'ஐலண்ட்ஸ் ஆஃப் கெஸ்மாய்' என்ற விளையாட்டு வந்து சேர்ந்தது. மணிக்கு 6 டாலர். அதுவும் ஆமை வேக 300 பாட் மோடம் வைத்திருப்பவருக்குத்தான். 1200 பாட் மோடத்தில் வந்தால் 12 டாலர். நல்ல மோடம் வாங்க வசதி உள்ளவனுக்குக் கூடுதலாக அழவும் வசதி இருக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறான். ஆனால் விளையாட்டு என்னவோ சுமார் பத்து விநாடிக்கு ஒரு கட்டளையைத்தான் ஏற்றுக்கொள்ளும். 'வெட்டு' என்று தட்டிவிட்டு ஒரு வாய் காபி குடித்துத் திரும்பினால் வெட்டியிருக்கும், அல்லது நாம் வெட்டுப்பட்டிருப்போம். மணிக்கு 360 வெட்டு. 12 டாலரை வகுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூதமும் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. திரையில் ஓர் ஆங்கில எழுத்து, அவ்வளவுதான். சுவர், தண்ணீர் எல்லாமே தட்டச்சுக் குறிகள். ஓர் எழுத்து இன்னோர் எழுத்தை அடித்துக் கொல்வதைப் பார்க்க மனிதர்கள் சம்பளத்தைக் கரைத்தார்கள்.

இத்தனைக்கும் இந்தக் குலத்தின் தாத்தா தர்மவான். 1978ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மாணவர் வளர்த்தெடுத்த 'மட்' அது. பல பேர் ஒரே உலகத்துக்குள் புகுந்து ஒருவரை ஒருவர் கொள்ளையடிக்கலாம் என்ற உயர்ந்த கருத்தை உலகுக்குத் தந்தது அதுதான். வெளியாட்கள் பல்கலைக்கழகக் கணினிக்குள் நுழைய, பகலில் படிக்கிறவர்கள் தூங்கப் போன பிறகு, பின்னிரவில்தான் அனுமதி. ஆடுவதற்குக் காசு கேட்கவில்லை. டெலிபோன் பில் வந்தபோது அப்பாக்கள் கேட்ட கேள்விகள் தனிக்கதை. அவை அச்சேறக்கூடியவை அல்ல.

மீட்டர் காலம் அதன்பிறகு நன்றாகவே நடந்தது. 1991ல் ஏஓஎல் நிறுவனம் 'நெவர்விண்டர் நைட்ஸ்' என்ற விளையாட்டைப் படங்களோடு இறக்கியது. இதுவும் தொடக்கத்தில் மணிக்கு 6 டாலர்தான். ஆட்டக்காரன் எவ்வளவு நேரம் வெட்டியாக உட்கார்ந்திருக்கிறானோ அவ்வளவுக்கு அவன் மகாலட்சுமி. இந்தத் தாம்பத்தியம் 1996 டிசம்பரில் முறிந்தது. மாதம் 19.95 டாலர் கொடுத்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் இணையத்தில் கிடக்கலாம் என்ற ஏற்பாட்டை ஏஓஎல் அமலுக்குக் கொண்டுவந்தது. அமலான மறுநாளே, நேற்றுவரை மகாலட்சுமியாக இருந்த ஆள், எழுந்து போகாத விருந்தாளி ஆகிவிட்டான். 1997ல் அந்த விளையாட்டையே இழுத்து மூடினார்கள்.

அடுத்தது மெஸ் காலம். மாதாமாதம் ஒரு தொகை, சாப்பாடு அன்லிமிடெட். 1996ல் 'மெரிடியன் 59' இலை போட்டது. 1997 செப்டம்பரில் 'அல்டிமா ஆன்லைன்' மாதம் 9.95 டாலருக்குப் பந்தி விரித்தது. மெஸ் நடத்தியவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். காசைக் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறவன்தான் உத்தமமான வாடிக்கையாளன். மூன்று வேளையும் முதல் பந்தியில் உட்கார்ந்து சாம்பார் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறவன் எதிரி. துரதிர்ஷ்டவசமாக, விளையாட்டு மெஸ்ஸுக்கு வந்தவர்கள் எல்லோரும் இரண்டாம் ரகம்.

அல்டிமா ஆன்லைனுக்கு மாதச் சந்தா தொடங்குவதற்குச் சில வாரம் முன்பு நடந்ததைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. விளையாட்டைப் படைத்த ரிச்சர்ட் கேரியட், அதற்குள் 'லார்ட் பிரிட்டிஷ்' என்ற மகாராஜா. அவரைக் கொல்ல முடியாது. அப்படித்தான் நிரலில் ஏற்பாடு. சோதனைக் காலத்தின் கடைசியில், குடிமக்களுக்குத் தரிசனம் தர மாடத்தில் எழுந்தருளினார். சற்று முன்னால் சர்வர் படுத்து எழுந்திருந்தது. எழுந்த பிறகு சாகாவரத்தை மறுபடி ஆன் செய்ய வேண்டும். மகாராஜா மறந்துவிட்டார். கூட்டத்தில் ஒரு திருட்டுப்பயல், பக்கத்தில் நின்றவன் பையிலிருந்து அடித்த நெருப்பு மந்திரத்தை அவர் காலடியில் வீசினான். படைத்தவன் பரலோகம் போனான். ஆத்திரத்தில் அரசவையினர் பேய்களை ஏவி, வேடிக்கை பார்க்க வந்த அப்பாவிகளையும் சேர்த்துச் சாத்தினார்கள். இதைப் பார்த்த பிறகும் மாதம் 9.95 டாலர் கட்ட ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். சரியாகச் சொன்னால் இதைப் பார்த்ததால்தான் நின்றார்கள். அடுத்த ஆண்டே, இருபத்து நான்கு மணி நேரமும் ஓடும் என்றீர்களே, ஓடவில்லையே என்று சிலர் கோர்ட்டுக்கும் போனார்கள்.

1999ல் 'எவர்க்வெஸ்ட்' வந்தது. மாதம் 9.89 டாலர். ஆறு சென்ட் மலிவு. ஆட்டக்காரர்கள் உள்ளே சம்பாதித்த வாள், கவசங்களை வெளியே ஈபேயில் உண்மையான டாலருக்கு விற்க ஆரம்பித்தார்கள். எட்வர்ட் காஸ்ட்ரோனோவா என்ற பொருளாதாரப் பேராசிரியர் அந்த விலைகளை வைத்துக்கொண்டு, 2001ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். நோராத் என்ற அந்த இல்லாத நாட்டில் நபர்வாரி உற்பத்தி ஆண்டுக்கு 2,266 டாலர், உலகத்தில் 77வது பணக்கார நாடு, ரஷ்யாவுக்கு அருகில். இந்தியாவும் சீனாவும் அதற்கு வெகு கீழே. நாம் ஐந்தாண்டுத் திட்டமாகப் போட்டுத் தள்ளியும் எட்ட முடியாத இடத்தை, ஓநாய்களை அடித்தே எட்டியிருந்தார்கள். விளையாட்டை நடத்திய சோனி இந்த விற்பனையைத் தடை செய்தது. 2005ல் அதன் இரண்டாம் பாகத்துக்குத் தானே சந்தை திறந்து கமிஷன் எடுத்துக்கொண்டது. தோட்டக்காரனே மாங்காய் விற்கும்போது திருட்டு என்று யார் சொல்வது?

2004ல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' மாதம் 14.99 டாலர் வாங்கி, 2010ல் 1 கோடியே 20 லட்சம் பேருக்குப் பந்தி போட்டது. சீனாவில் மட்டும் மெஸ் எடுபடவில்லை. அங்கே பழைய மீட்டரே திரும்பி வந்தது: 30 யுவான் அட்டைக்கு 4,000 நிமிடம். நிமிடக் கணக்கில் வீரம்.

இதற்குள் கொரியாவில் வேறொரு காரியம் நடந்துவிட்டது. நெக்ஸான் நிறுவனத்தின் 'க்விஸ்க்விஸ்', ஆட்டம் இலவசம், உன் பொம்மைக்கு உடுப்பு வேண்டுமென்றால் மட்டும் காசு என்ற வழியைத் திறந்தது. அன்னதானம் இலவசம், அப்பளத்துக்குப் பில் உண்டு. மனிதன் சோறில்லாமல்கூட இருந்துவிடுவான், பக்கத்து இலையில் அப்பளம் இருக்கும்போது இருக்க மாட்டான் என்று அவர்கள் கண்டுபிடித்ததற்கு ஏதாவது விருது கொடுத்திருக்கலாம்.

அப்பளத்தையும் நேரடியாக விற்காமல், 'டிக்கெட் வாங்கு, அப்பளம் வந்தாலும் வரலாம், வெறும் ஊறுகாய் வந்தாலும் வரலாம்' என்றது நெக்ஸானின் அடுத்த யோசனை. 2004ல் ஜப்பானில் 'மேப்பிள்ஸ்டோரி' விளையாட்டில் இதற்கு 100 யென் டிக்கெட். நமக்கு இது பழைய சரக்கு. அதற்கு முந்தைய ஆண்டுதான் தமிழ்நாட்டு அரசு லாட்டரியைத் தடை செய்திருந்தது. நாம் அதை ஒளிவுமறைவில்லாமல் 'சுரண்டல் லாட்டரி' என்றே கூப்பிட்டோம். எதைச் சுரண்டுகிறது என்ற சந்தேகமே யாருக்கும் வந்ததில்லை. மற்ற நாட்டுக்காரர்களுக்கு அந்த நேர்மையான பெயர் கிடைக்காததால் 'லூட் பாக்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள்.

சீனாவின் ஷி யூஜு இதில் மகா கெட்டிக்காரர். வானளாவும் கட்டடம் கட்டப் போய்த் திவாலாகி, மூளைக்கு டானிக் விற்றுப் பணக்காரரானவர். 2006ல் 'ஜெங்து' என்ற விளையாட்டை இலவசமாகக் கொடுத்துவிட்டு, உள்ளே பெட்டிகளையும் சாவிகளையும் விற்றார். காசு உள்ளவன் கத்தி பெரிதாகும். காசில்லாதவன் அந்தக் கத்திக்குச் சோதனைப் பொருளாவான். இலவசக் கூட்டம் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அடிப்பதற்கு ஆள் வேண்டாமா? மறு ஆண்டே அவர் கம்பெனி நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறிவிட்டது.

மேற்கில் வால்வ் நிறுவனம் தொப்பி விற்றது. துப்பாக்கிச் சண்டை விளையாட்டான 'டீம் ஃபோர்ட்ரஸ் 2'ல் சாகிறவன் நல்ல தொப்பியோடு சாக ஆசைப்படுகிறான் என்று தெரிந்து, 2010ல் கடை திறந்தார்கள். தொப்பிப் பண்டமாற்று கட்டுக்கடங்காமல் போகவே, 2012ல் யானிஸ் வருஃபாகிஸ் என்ற பொருளாதார நிபுணரை வேலைக்கு வைத்துப் படிக்கச் சொன்னார்கள். 2015ல் அவர் கிரேக்க நாட்டின் நிதியமைச்சரானார். தொப்பிப் பொருளாதாரத்தை விட்டு அந்த நேரத்துக் கிரேக்கப் பொருளாதாரத்துக்கு ஏன் போனாரோ. ஆறே மாதத்தில் ராஜினாமா.

ஐஸ்லாந்துக்காரர்களின் விண்வெளி விளையாட்டான 'ஈவ் ஆன்லைன்' கதை எனக்கு மிகப் பிடித்தது. அங்கே ஒரு மாதச் சந்தாவையே 'பிளெக்ஸ்' என்ற பண்டமாக்கி, விண்வெளிக்குள் வாங்கவும் விற்கவும் வைத்தார்கள். 2010ல் ஒரு புத்திசாலி, 74 பிளெக்ஸை ஒரு சின்ன ஓட்டைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, கொள்ளையருக்குப் பேர்போன ஜீட்டா சந்தை வழியாகப் புறப்பட்டார். சுட்டார்கள். ஆறு வருடச் சந்தா, ஆயிரம் டாலருக்கு மேல், விண்வெளியில் தூளாகிப் போனது. சுட்டவர்களுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. நகைக்கடைப் பையைப் பல்லவன் பஸ் ஜன்னலோரம் மடியில் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள்கூட இவரைவிடத் தேவலை.

அடுத்த ஆண்டு அதே கம்பெனி கடை திறந்து, பொம்மை ஆளுக்கு ஒற்றைக் கண்ணாடி ஒன்றை 60 டாலருக்கு மேல் விலை வைத்து விற்றது. பேராசை நல்லதா என்று உள்ளுக்குள் விவாதித்த அவர்களுடைய சிற்றிதழும் அதே வாரம் கசிந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தெழுந்து ஜீட்டாவில் கூடி, அங்கிருந்த சிலையைச் சுட்டார்கள். அந்தச் சிலையை அழிக்கவே முடியாது. தெரிந்தேதான் சுட்டார்கள், போராட்டம் என்றால் அப்படித்தான். தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்போடு ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கினரை வீட்டுக்கும் அனுப்பினார். கண்ணாடியை வடிவமைத்தவர்கள் அதில் இருந்தார்களா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

2014ல் அங்கே பெரும்போர். ஒரு கூட்டணி தன் விண்வெளி வட்டாரத்துக்குக் கட்ட வேண்டிய பில்லைக் கட்டத் தவறியது. கரண்ட் பில் கட்டாவிட்டால் லைன்மேன்தான் வருவார். இவர்களுக்கு எதிரிப் படை வந்தது. ஆயிரக்கணக்கானோர் 21 மணி நேரம் அடித்துக்கொண்டதில் நாசமான கப்பல்களின் மதிப்பு 3 லட்சம் டாலருக்கு மேல்.

மெஸ்கள் ஒவ்வொன்றாக அன்னதானக் கூடமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. கோடிகளைக் கொட்டி எடுத்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' ஒரு வருடம்கூடச் சந்தாவில் தாக்குப்பிடிக்காமல் 2012ல் இலவசமானது. இலவசக்காரனுக்குத் திரையில் பொத்தான் வரிசைகள் குறைவு. மேலும் வேண்டுமென்றால் காசு. தலைக்கவசத்தைத் திரையில் மறைக்க வேண்டுமா, அதற்கும் காசு. தொப்பி போட வால்வ் காசு வாங்கியது, இவர்கள் கழற்றுவதற்கு வாங்கினார்கள்.

2017ல் இஏ நிறுவனம், முழு விலை கொடுத்து வாங்கிய 'ஸ்டார் வார்ஸ்: பேட்டில்ஃப்ரன்ட் 2'விலேயே டார்த் வேடர் என்ற பாத்திரத்தைப் பூட்டி வைத்தது. திறக்க நாற்பது மணி நேரம் ஆகும் என்று ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். உழைத்துப் பெற்ற பெருமிதம் கிடைக்கட்டுமே என்றுதான் அப்படி வைத்தோம் என்று நிறுவனம் ரெடிட்டில் பதில் சொன்னது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர் ஓட்டுகள் விழுந்து, அந்தப் பதில் கின்னஸ் சாதனை ஆனது. 2018ல் பெல்ஜியம், இந்த லூட் பாக்ஸ் பெட்டியெல்லாம் சூதாட்டம் என்றது. 2019ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன்னால் இஏ அதிகாரி ஒருவர், இவை சூதாட்டப் பெட்டிகளே அல்ல, 'வியப்பூட்டும் ஏற்பாடுகள்' என்று வாக்குமூலம் கொடுத்தார். கடைசியில் வியப்பது யார் என்றால், மாத முடிவில் கார்டு பில்லைப் பார்க்கிறவர்.

வியப்பின் உச்சம் 'ஃபோர்ட்நைட்'. ஆட்டம் முற்றிலும் இலவசம். ஒரு காலத்தில் ஒரே ஒரு பொத்தான் தவறிப் பட்டால் போதும், பொருள் வாங்கியாகிவிட்டது. தூங்கிக்கிடந்த விளையாட்டை எழுப்பப் பொத்தானை அழுத்தியபோதும், திரை வந்துகொண்டிருக்கும்போதும் காசு போயிருக்கிறது என்றது அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம். வங்கியில் ஆட்சேபித்தவர்களின் விளையாட்டுக் கணக்கையே பூட்டினார்கள். 2022ல் ஃபோர்ட்நைட்டை நடத்தும் எபிக் நிறுவனம், ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தர 24.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. கெஸ்மாயில் மூன்று சென்ட் போனால் ஒரு வெட்டாவது விழுந்தது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் அப்பா அம்மாக்களே, போன் இந்நேரம் உங்கள் கையில்தானே இருக்கிறது? பிள்ளை திரும்ப வாங்குவதற்குள், அதில் பதிந்து வைத்திருக்கும் கார்டு எண்ணை அழித்துவிடுங்கள்.