வாட்டுக் கணக்குப்பிள்ளை

அவர் கையில் ஸ்டீம் டெக் இருக்கும். புருவம் நெரிந்திருக்கும். கட்டைவிரல் பரபரவென்று ஓடும். ஏதோ ராட்சசனோடு கடைசிக்கட்டச் சண்டை போலிருக்கிறது என்று எட்டிப் பார்த்தால், திரை வெளிச்சத்தை 45 சதவீதத்திலிருந்து 40-க்கு இறக்கிக்கொண்டிருப்பார்.

2022-இல் வந்த கையடக்க விளையாட்டுக் கருவி அது. இந்தியாவில் கம்பெனியே நேரடியாக விற்பதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மச்சினன் கையோடு கொண்டுவந்து கொடுத்தது. வாங்கிய அன்றே அவருக்கு ஒரு விஷயம் புலப்பட்டுவிட்டது: உள்ளே இருக்கும் பேட்டரி 40 வாட்-மணி. பெரிய விளையாட்டு எதையாவது ஓட்டினால் மொத்தக் கருவியும் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும். நாற்பதை இருபதால் வகுத்தால் இரண்டு மணி நேரம். அன்றிலிருந்து அவர் விளையாட்டுக்காரர் இல்லை, கணக்குப்பிள்ளை.

திரையின் ஓரத்தில் எத்தனை வாட் செலவாகிறது என்று காட்டும் ஒரு வசதி இருக்கிறது. அதை வைத்த புண்ணியவான் இவரை நினைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். திரையின் நடுவில் டிராகன் நெருப்பைக் கக்கும். இவர் கண் மூலையில் இருக்கும் எண்ணை விட்டு நகராது. நெருப்பு கக்கினால் இரண்டு வாட் கூடுகிறது என்று கண்டுபிடித்து, டிராகன் இல்லாத பாதையாகப் பார்த்துப் போவார். பிறகு அந்த விளையாட்டையே விட்டுவிட்டார். ‘எல்டன் ரிங்’கில் வீரனாக வாழ்வதற்காக வாங்கிய கருவியில் இப்போது ‘ஸ்டார்டியூ வேலி’ ஆடி, காய்கறிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். விவசாயத்துக்குக் கரண்டு கம்மி.

அக்கா பையன் கேட்டுப் பார்த்தான்.

“மாமா, கொஞ்ச நேரம் குடுங்க.”

“எவ்வளவுடா இருக்கு பாரு.”

“எழுபத்திரண்டு.”

“எழுபத்திரண்டா? இப்பத்தானே எழுபத்தி நாலு இருந்துச்சு! தொட்டியா?”

பையன் செல்போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைத்தால் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும் என்பது உண்மை. அதனால் 80-க்கு மேல் ஏற்ற மாட்டார். அடிமட்டம் வரை இறக்குவதும் ஆகாது என்று 20-இல் நிறுத்திவிடுவார். ஆக, 40 வாட்-மணிக்குக் காசு கொடுத்து 24-ஐ அனுபவிக்கிறார். மீதி 16, பேட்டரி நீண்டநாள் வாழ்வதற்கு. அப்படி நீண்டநாள் வாழ்ந்து அது என்ன செய்யும் என்று கேட்கக்கூடாது.

இத்தனைக்கும் அந்தப் பேட்டரியை ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய 25 தடவை நிரப்பலாம். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம் வேறு. இவர் வீட்டில் 2,000 வாட் கீசர் காலையிலிருந்து மதியம்வரை கொதித்துக்கொண்டிருக்கும். அதை அணைப்பது மனைவியின் இலாகா.

தத்துவம் பேசினால் 1989-க்குப் போய்விடுவார். அவருக்குக் குலதெய்வம் நின்டெண்டோவின் குன்பே யோகோய். பழகித் தேய்ந்து மலிவாகிப்போன தொழில்நுட்பத்தை எடுத்துப் புது விதமாகப் பயன்படுத்து என்று சொன்ன மனுஷர். அந்த ஆண்டு யோகோயின் குழு கொண்டுவந்த கேம் பாய் கருவியில் வண்ணம் கிடையாது, திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. பாசி நிறத்தில் நான்கே சாயல். ஆனால் நான்கு டபுள்-ஏ பேட்டரியில் 15 மணி நேரம்போல ஓடியது. அடுத்த ஆண்டு சேகாவின் கேம் கியர் வந்தது: வண்ணத்திரை, விளக்கு, பளபளப்பு எல்லாம் உண்டு. ஆறு பேட்டரியை விழுங்கிவிட்டு மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் படுத்துவிடும். கேம் பாயும் அதன் வண்ண வாரிசும் சேர்ந்து 11 கோடிக்கு மேல் விற்றன. கேம் கியர் ஒரு கோடியைச் சுற்றி நின்றது. இந்தக் கதையை அவர் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஒன்றை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்: கேம் பாய் வாங்கிய பிள்ளைகள் அந்தப் பதினைந்து மணி நேரமும் விளையாடினார்கள்.

2023-இல் 50 வாட்-மணிப் பேட்டரியோடு ஸ்டீம் டெக்கின் ஓலெட் திரை மாடல் வந்தபோது நண்பர்கள் சந்தோஷமாகச் செய்தி சொன்னார்கள். அவர் முகம் வாடிவிட்டது. தாராளமாகக் கிடைத்தால் மிச்சம் பிடிப்பதில் என்ன ருசி?

ரயில் பயணத்தில் இவர் உங்களுக்குப் பக்கத்து இருக்கையில் வந்து உட்காரலாம். பையில் 20,000 மில்லிஆம்ப்-மணி பவர் பேங்க், சார்ஜர், இரண்டு கேபிள், உபரியாக ஒரு கேபிள் இருக்கும். ஜன்னலோரம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பிளக் பாயின்டை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது தேவையே படாது. ஆனாலும் ஊர் போய்ச் சேரும்வரை விட மாட்டார்.