மதகைத் திறந்தது யார்?

புயலும் வெள்ளமும் ஓய்ந்த பிறகு தொடங்கும் மர்மக் கதைகளைப் பற்றி இந்த முறை கேள்வி கேளுங்கள் என்றோம். ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல், பூந்தமல்லி பக்கமிருந்து கடிதங்கள் குவிந்துவிட்டன. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றவர்கள் சுற்றி வளைத்துக் கேட்பதில்லை. நானும் நேராகப் பதிலுக்கு வருகிறேன்.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' கடைசிப் பாகத்தில் சதி, கொலை, மாறுவேடம் எல்லாம் இருக்கிறது. போதாதென்று நாகப்பட்டினத்தில் புயலையும் கல்கி எதற்குக் கொண்டுவந்தார்?
*— டேங்க் ஃபேக்டரியில் ஓய்வு பெற்றவர், ஆவடி*

பதில்: ஒளிந்திருந்த ஒருவரை வெளியே கொண்டுவர, ஐயா. இளவரசர் அருள்மொழிவர்மர் கடலில் மூழ்கிவிட்டார் என்று சோழ நாடு அழுதுகொண்டிருக்கிறது. அவரோ நாகைச் சூடாமணி விஹாரத்தில் மறைந்திருக்கிறார். அந்த ரகசியத்தை ஓர் ஒற்றன் உடைத்திருந்தால் அது வழக்கமான துப்பறியும் கதை. கல்கி அந்த வேலையைக் கடலிடம் ஒப்படைத்தார். தண்ணீர் விஹாரத்துக்குள் ஏறுகிறது. புத்தர் சிலையின் பாதங்களைக் கட்டிக்கொண்டிருந்த தலைமைப் பிக்ஷுவை இளவரசர் தண்ணீருக்குள் முங்கி மீட்கிறார். புயல் ஓய்ந்ததும் வீடிழந்து நிற்கும் ஜனங்கள் அவரை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அதற்கு மேல் ஒளிவது எங்கே? ஊரே அவரோடு தஞ்சைக்குக் கிளம்புகிறது.

புயல் அடித்த இரவைவிட அதற்கு அடுத்த பகல்தான் கதையைத் திருப்புகிறது என்பதைக் கவனியுங்கள். காற்று அடிக்கும்போது எல்லோருக்கும் ஒரே வேலை, உயிரைக் காப்பாற்றிக்கொள்வது. அங்கே மர்மத்துக்கு இடமில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் யார் எங்கே இருந்தார், யாருக்கு முன்கூட்டியே தெரியும், யார் யாரிடம் சொல்லாமல் விட்டார் என்ற கேள்விகள் முளைக்கின்றன. வாசகரைத் தூங்கவிடாத கேள்விகள் இவைதான்.

கேள்வி: அந்த நாவல் முடிந்தபோது வாசகர்கள் கோபப்பட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?
*— கல்லூரி மாணவர், பட்டாபிராம்*

பதில்: உண்மை. 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை 'கல்கி' இதழில் வாரா வாரம் படித்தவர்கள் அவர்கள். மூன்றரை வருடம் காத்திருந்தவர்களுக்கு, கதை திடீரென்று நின்றுவிட்டதாகத் தோன்றியது. கல்கி அதை அலட்சியப்படுத்தவில்லை. முடிவுரை எழுதி, யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் சொன்னார். அதே ஆண்டு டிசம்பர் 5-ல் காலமானார். வாசகர் கடிதத்தை மதித்து ஒரு பெரிய நாவலாசிரியர் எழுதிய பதில்களில் நான் மிகவும் மதிப்பது அது.

அருள்மொழிவர்மரின் அண்ணன் ஆதித்த கரிகாலரைக் கொன்றது யார் என்பதை மட்டும் அவர் விண்டு சொல்லவில்லை. அதற்காகக் கோபப்படுகிறவர்கள் காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக்குப் போய்வரலாம். அங்கே கோயில் சுவரில் இருக்கும் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு, கொலைகாரத் துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயரைச் சொல்கிறது. அது கொலையைப் பற்றிய கல்வெட்டு அல்ல, குற்றவாளிகளின் உறவினர்வரை நிலத்தைப் பறித்த நடவடிக்கை பற்றியது. ஆயிரம் வருடத்து மர்மத்துக்குத் துப்பு ஒரு சொத்துப் பறிமுதலில் கிடைக்கிறது! பேரழிவுக்குப் பிந்தைய கதை எழுத நினைப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கத்தியைத் தேடுவதைவிடக் காகிதத்தைத் தேடினால் அதிகம் கிடைக்கும்.

கேள்வி: நான் பிறந்தது நாகப்பட்டினம், வாக்கப்பட்டது ஆவடி. 2004 சுனாமிக்குப் பிறகு 'பொன்னியின் செல்வ'னில் 'கடல் பொங்கியது' அத்தியாயம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன். கதையில் ஓட்டை விழுந்தாலும் பரவாயில்லை என்றிருக்கிறது. தவறா?
*— இல்லத்தரசி, ஆவடி*

பதில்: தவறே இல்லை அம்மா. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். நாவல் எங்கும் போய்விடாது. நீங்கள் வரும்வரை காத்திருக்கும்.

ஒன்று மட்டும் சொல்ல ஆசைப்படுகிறேன். கல்கி எழுதியது புயலால் பொங்கிய கடலை. அதற்கு முன்னால் காற்று வருகிறது, வானம் கறுக்கிறது, மனிதர்களுக்கு ஓட ஒரு நாழிகையாவது கிடைக்கிறது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படி எதுவும் இல்லை. வெயில் அடித்தது, பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்ததற்கும் நம் கரையை அலை தொட்டதற்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு, இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் செய்தி எங்கே நின்றது? எந்த மேஜையில், எந்தத் தொலைபேசியில்? ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது 2007-ல்தான். இதை ஒரு நாவலாசிரியர் எழுதினால் அலையை வர்ணிக்கவே வேண்டாம். கடிகாரத்தை மட்டும் காட்டினால் போதும். அப்படி ஒரு நாவல் தமிழில் வந்தால், அதை உங்களைப் போன்ற ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்பது என் கோரிக்கை.

கேள்வி: சென்னை வெள்ளத்தை வைத்துக் கதை எழுதுகிற எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கே வராதே! யாராவது பருத்திப்பட்டைப் பற்றி எழுத மாட்டார்களா?
*— மின்வாரிய ஊழியர், கோவில்பதாகை*

பதில்: சபாஷ்! செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றில் போகிறது. அது பூந்தமல்லிக்குத் தெற்கே நடக்கும் கதை. நம் பக்கத்து ஆறு கூவம். கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றிலிருந்து பிரிந்து, பருத்திப்பட்டு, திருவேற்காடு வழியாக நகரத்துக்குள் போகிறது. பூண்டி ஏரி நிரம்பினால் கொசஸ்தலையாறு எண்ணூர் பக்கம் ஓடும். ஆவடியில் மழை கொட்டினால் பெரும்பாலும் நம் ஏரிகளும் நம் கால்வாய்களும்தான் நம்மை மூழ்கடிக்கின்றன. ஊர் வரைபடம் தெரியாமல் எழுதப்பட்ட வெள்ளக் கதையை முதல் அத்தியாயத்திலேயே மூடிவைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஆனாலும் செம்பரம்பாக்கம் எழுத்தாளர்களை இழுப்பதில் நியாயம் இருக்கிறது. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறக்கப்பட்டது. லிட்டரில் சொன்னால் விநாடிக்கு எட்டு லட்சத்துக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணி லாரிகள் விநாடிக்கு அறுபதுக்கு மேல் உங்கள் தெருவில் கவிழ்ந்தால் எப்படியோ அப்படி. விதிப்படி, எச்சரித்து, படிப்படியாகத்தான் திறந்தோம் என்றது அரசுத் தரப்பு. 2018-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சிஏஜி தணிக்கை அறிக்கையோ அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றது. ஒரே இரவுக்கு இரண்டு கதைகள், இரண்டும் அரசாங்கக் காகிதத்தில். முந்தின நாட்களில் ஏரியில் ஏன் இடம் ஒதுக்கவில்லை, எத்தனை மணிக்கு யார் உத்தரவு கேட்டார், எத்தனை மணிக்குப் பதில் வந்தது? அடையாற்றங்கரையில் பரணில் உட்கார்ந்து விடிய விடியக் காத்திருந்த குடும்பங்களுக்கு இந்தக் கேள்விகளுக்கு மணி, நிமிடக் கணக்கில் பதில் பாக்கி இருக்கிறது. நாவல் அந்தக் கடனை அடைக்க முடியாது. ஆனால் கடன் இருப்பதை மறக்கவிடாமல் செய்யும். எனக்கு அது போதும்.

கேள்வி: இந்த வெள்ள வழக்கை எந்தத் துப்பறிவாளரிடம் ஒப்படைப்பீர்கள்? கணேஷ்-வசந்த், விவேக், பரத்-சுசீலா, நரேன்-வைஜயந்தி?
*— பாக்கெட் நாவல் ரசிகர், திருநின்றவூர்*

பதில்: சுஜாதாவின் கணேஷிடம். அவர் வக்கீல், கோப்பு படிக்கத் தெரிந்தவர். ஷட்டர் இயக்கிய ஊழியரிடம் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுக்க வசந்த். விவேக்கும் பரத்தும் மூளைக்காரர்கள்தான். ஆனால் அவர்கள் உலகத்தில் கடைசிப் பக்கத்துக்குள் குற்றவாளி ஒருவர் மாட்டியாக வேண்டும். வெள்ளத்தில் குற்றம் பத்து அலுவலகங்களில் பங்கு போட்டுக் கிடக்கும். ஏரிக்குள் மனை போட்டவர், அதற்கு அனுமதி கொடுத்தவர், கால்வாயை மூடியவர், தூர்வாரியதாகக் கணக்கு எழுதியவர் என்று எல்லோருக்கும் கைவிலங்கு போட ஒரு பாக்கெட் நாவல் போதாது. தொடர்கதையாகத்தான் எழுத வேண்டும்.

கேள்வி: மௌலிவாக்கத்தில் கட்டடம் இடிந்து அத்தனை பேர் இறந்தார்கள். அதை வைத்து விறுவிறுப்பாக எழுதுவது மனசாட்சிக்குச் சரியா?
*— மேஸ்திரி, பூந்தமல்லி*

பதில்: இந்தக் கேள்வியை ஒரு மேஸ்திரி கேட்டிருக்கிறார். அதனால் நிதானமாகப் பதில் சொல்கிறேன்.

2014 ஜூன் 28. பதினோரு மாடி. 61 பேர். பெரும்பாலோர் கட்டட வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்கள், அவர்களில் பலர் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும். இடி விழுந்ததால் சரிந்தது என்ற பேச்சு முதலில் கிளம்பியது. பிறகு நீதிபதி ரெகுபதி ஆணையம் விசாரித்தது. பக்கத்திலேயே அதன் ஜோடிக் கட்டடம் இடியாமல் நின்றது. 2016 நவம்பர் 2-ம் தேதி வெடிவைத்துத் தகர்க்கும்வரை, இரண்டு வருடங்களுக்கு மேல் அப்படியே நின்றது. அதன் நிழலில் குடியிருந்தவர்கள் ஒவ்வொரு மழை இரவையும் எப்படிக் கழித்திருப்பார்கள்? நியாயமான விறுவிறுப்பு அங்கே இருக்கிறது. மண்ணைச் சோதித்தது யார், தூணின் கனத்தைத் தீர்மானித்தது யார், தளத்தில் விரிசல் கண்ணில் பட்டிருந்தால் ஒரு சித்தாள் அதை யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும் என்று தேடிப்போகிற கதையை நான் வரவேற்பேன். இடிபாட்டுக்குள் சிக்கியவரின் மூச்சை வைத்து அத்தியாயத்துக்கு அத்தியாயம் 'தொடரும்' போடுகிற கதையை என்னால் ஏற்க முடியாது. இறந்தவர் ஒருவருக்காவது ஊர், தாய்மொழி, வீட்டுக்கு அனுப்ப வைத்திருந்த பணம் என்று முழு வாழ்க்கையைக் கொடுக்காத எழுத்தாளர் அந்த இடத்தைத் தொடக் கூடாது.

கேள்வி: 'டேம் 999' படத்தைத் தமிழ்நாட்டில் தடை செய்தது சரியா?
*— ஆட்டோ ஓட்டுநர், அம்பத்தூர்*

பதில்: 2011 நவம்பரில், முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் வந்த தடை அது. நூற்றாண்டு கடந்த அணையைப் பற்றிப் பீதி கிளப்புகிறது என்ற கோபம் எனக்குப் புரிகிறது. தேனி மாவட்டத்து விவசாயிக்கு அது குடிக்கும் கஞ்சி. இருந்தாலும் தடை எனக்குப் பிடிக்கவில்லை. பதில் கதை ஒன்றை நாம் எடுத்திருக்கலாம். அணையை நம்பி விதைத்தவரின் கதை நம்மிடம் இருக்கிறதே!

கேள்வி: மழை நாளில், கரண்ட் போன இரவில் இந்த மாதிரி நாவல் படிக்கலாமா?
*— பள்ளி ஆசிரியை, திருமுல்லைவாயல்*

பதில்: தனுஷ்கோடியைப் பற்றி மட்டும் வேண்டாம். 1964 டிசம்பர் 22, புயல் அடித்த இரவு, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஊர் சேரவில்லை. அதைப் படித்தால் விடியும்வரை காது தண்டவாளத்திலேயே இருக்கும். பகலில் படியுங்கள். கூடவே அந்தப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தைப் பொறியாளர் ஸ்ரீதரன் குழு 46 நாளில் மீட்டெடுத்த கதையையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நடப்பதாக ஒரு மர்ம நாவல் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
*— தனியார் நிறுவன ஊழியர், அண்ணனூர்*

பதில்: தங்கையே, புயலிலிருந்து தொடங்காதீர்கள். 2023 டிசம்பர் 5-ல் அது ஆந்திரக் கரையைக் கடந்துவிட்டது. நீங்கள் 6-ம் தேதி காலையில் தொடங்குங்கள். பால் பாக்கெட்டுக்கு அலைகிறார்கள். கட்டில் மேல் சர்டிபிகேட்டுகள் காய்கின்றன. சில நாளில் 6,000 ரூபாய் நிவாரண டோக்கன் பேச்சு ரேஷன் கடை வாசலில் கிளம்பிவிடும். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதே ஓர் அத்தியாயம்.

களம் வேண்டுமென்றால் அம்பத்தூர் எஸ்டேட் இருக்கிறது. அந்த மழையில் சின்னச் சின்னப் பட்டறைகளில் லேத்தும் சிஎன்சி மிஷினும் தண்ணீரில் நின்றன. உங்கள் கதைக்கு ஒரே சுவர் வைத்த இரண்டு பட்டறைகளை வைத்துக்கொள்ளுங்கள். ஜாப் ஒர்க் செய்து பிழைக்கும் இரண்டு முதலாளிகள், பத்து வருட சிநேகிதர்கள். தண்ணீர் வடிகிறது. ஒருவர் எல்லாவற்றையும் இழந்திருக்கிறார். இன்னொருவரின் மோட்டார்கள், வரைபடங்கள், கம்ப்யூட்டர் எல்லாம் தண்ணீர் ஏறுவதற்கு முந்தின மாலையே மாடிக்குப் போயிருக்கின்றன. இன்சூரன்ஸ் சர்வேயர் சுவரில் தண்ணீர்க் கோட்டை அளக்கிறார், பிறகு மாடியைப் பார்க்கிறார், பிறகு இரண்டாமவரின் முகத்தைப் பார்க்கிறார். அந்த முந்தின மாலை நாலரை மணிக்கு இரண்டாமவருக்கு ஒரு போன் வந்தது. பேசியது யார் என்பதைக் கடைசி அத்தியாயம்வரை என்னிடம்கூடச் சொல்லாதீர்கள்.