ஆச்சியின் கையளவு

உப்பு விளையும் ஊரில் பிறந்தவர்கள் பல் துலக்கக் கடைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் தூத்துக்குடி வீடுகளின் புறவாசல் மாடத்தில் ஒரு சிரட்டை இருக்கும். அதில் உமிக்கரியும் பொடித்த கல்லுப்பும் கலந்திருக்கும். விடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து ஆள்காட்டி விரலால் தொட்டு எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் கறுத்து, ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் சிரித்து, கிணற்றடியில் கொப்பளித்து முடிக்கையில் பல் வழவழவென்று நாக்கில் தட்டுப்படுமே, அந்தச் சுகத்தை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு இளஞ்சிவப்பு நிறத்தில் கோபால் பல்பொடி வந்தது, அதன் இனிப்புக்காகவே நாங்கள் இரண்டு முறை பல் விளக்கினோம்; அதற்குப் பிறகு குழாயில் அடைத்த பசை வந்து மாடத்துச் சிரட்டையை இறக்கி வைத்தது; பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் தொலைக்காட்சியில் ஒரு பெண் வீட்டுக்குள் நுழைந்து, உங்கள் பற்பசையில் உப்பு இருக்கிறதா என்று கேட்டபோது, உப்பளத்துக் காற்று வீசும் எங்கள் கூடத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இப்போது கரி சேர்த்த பசையும் கடையில் கிடைக்கிறது.

பழையதெல்லாம் அப்படியே திரும்பி வரட்டும் என்று நான் கேட்கவில்லை. உமிக்கரியின் கரகரப்பு பல்லின் மேற்பூச்சை அரித்துவிடும் என்று பல் மருத்துவர்கள் சொல்வது சரிதான். அந்தக் காலத்துப் பெரியவர்கள் பல் கூச்சத்தில் மாம்பழம்கூடத் தின்ன முடியாமல் தவித்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். இதெல்லாம் இப்போது நினைவுக்கு வருவதற்குக் காரணம் என் மகள். பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் போன வருடம் ஷாம்பூவையும் சோப்பையும் விட்டுவிட்டாள். சாயங்காலம் ஆனால் போன் வருகிறது. "அப்பா, உங்க ஆச்சி குளிக்கிற பொடியில என்னென்ன போடுவாங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." நானும் யோசிக்கிறேன், யோசிக்க யோசிக்கப் பொடியை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுகிறேன்.

முதலில் தண்ணீரைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் கிணறுகளில் கடலின் சாயல் உண்டு. குடிக்க வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும்; அது குடத்துக்குத்தான், தலைக்கு அல்ல. குளிக்கக் கிணற்றுத் தண்ணீர். அதில் சோப்பு போட்டால் நுரை எழும்பாது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து முடியிலேயே ஒட்டிக்கொள்ளும். சீயக்காயில் அழுக்கைப் பிரிக்கிற சப்போனின் என்ற பொருள் அந்த உப்புகளோடு அப்படிச் சேர்ந்து திரிவதில்லை. ஆகவே மலையில் காய்த்த சீயக்காய் கடற்கரைக்கு இறங்கி வந்து எங்கள் உப்புத் தண்ணீரோடு ஒத்துப்போய்விட்டது. இந்த வேதியியல் ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் சோப்பைத் தலையில் வைத்த மருமகளிடம், "ஏட்டி, இந்தத் தண்ணிக்கு அது ஆவாது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவாள்.

பங்குனி வெயிலில் மொட்டைமாடியில் ஓலைப்பாய் விரித்து எல்லாம் காயும். சீயக்காய், பாசிப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, கார்போக அரிசி, வெட்டிவேர், ஆவாரம்பூ, தட்டில் தனியாக ரோஜா மொக்கு. அதற்குக் காவல் நாங்கள். காக்காய்க்குச் சீயக்காய் வேண்டாம், பயறுதான் வேண்டும் என்பது அந்த வயதிலேயே எங்களுக்குத் தெரிந்த உயிரியல். காய்ந்த பிறகு மில்லுக்குக் கொண்டுபோவதுதான் பெரிய காரியம். அரிசி மாவு அரைக்கிற இயந்திரத்தில் மில்காரர் சீயக்காயைப் போட மாட்டார். அதற்கென்று மூலையில் ஒரு பழைய இயந்திரம், அதற்கென்று ஒரு கிழமை. அந்தக் கிழமையில் மில்லுக்குள் நுழைந்தால் ஒரே தும்மல். வரிசையில் நிற்கும் பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டே ஊர்க்கதை பேசுவார்கள், பேச்சு நடுவில் தும்மலில் அறுந்து மறுபடி அதே இடத்தில் தொடரும். யார் வீட்டுப் பொடியில் என்ன கூடுதல் என்பது மில்காரருக்குத்தான் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டார். சூடாக வந்த பொடியைத் துணியில் கொட்டி ஆறவைத்துத் தகர டப்பாவில் அடைத்தால் அடுத்த பங்குனி வரைக்கும் கவலையில்லை. இன்றைக்கு என் மகள் தன் அடுக்குமாடிக் குடியிருப்பில் வெயில் விழும் சன்னலைத் தேடி நாலு தட்டுகளை அங்குமிங்கும் நகர்த்திக்கொண்டிருக்கிறாள். காற்று ஈரமாக இருக்கிறதாம், பூலாங்கிழங்கு காயவில்லையாம், மிக்ஸி சூடாகிறதாம்.

சனிக்கிழமை ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு. நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுக் காய்ச்சி, பொறுக்கும் சூட்டில் உச்சந்தலையில் வைத்து ஆச்சி அறைவாள்; தடவுவது என்று சொன்னால் அது பொய். காது மடல், கழுத்துப் பின்புறம், விரல் இடுக்கு, முழங்கால் சில்லு வரை அவள் கை வந்து சேராத இடம் இல்லை. எண்ணெயோடு கோவணத்தில் வெயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் தெரு முழுக்க நிற்பார்கள், ஒருவருக்கும் வெட்கம் கிடையாது. வெளியடுப்பில் பனைமட்டை எரிந்து செம்பு அண்டாவில் தண்ணீர் கொதிக்கும். சோறு வடித்த கஞ்சியில் சீயக்காய்ப் பொடியைக் குழைத்துத் தலையில் தேய்க்கும்போது, "கண்ணத் தொறக்காதல, இன்னும் ரெண்டே செம்புதான்" என்பாள். அந்த இரண்டு செம்பு முடிவதற்குள் ஒரு முழு அண்டா காலியாகும். கண்ணுக்குள் எரிச்சல், காதுக்குள் தண்ணீர், அதற்கு நடுவே அவள் வளையல் சத்தம். குளித்து முடித்தால் துவர்த்தால் தலை துவட்டி, மிளகு ரசமும் பருப்புத் துவையலுமாகச் சோறு போட்டு, மத்தியானம் தூங்கவிடாமல் கதை சொல்லி உட்கார்த்தி வைப்பாள். எண்ணெய் தேய்த்த அன்று பகலில் தூங்கினால் காய்ச்சல் வரும் என்பது அவள் சட்டம். அக்காமார்களுக்கு மட்டும் ஒரு சலுகை கூடுதல்: கும்மட்டியில் சிரட்டைக் கரி கனிய, சாம்பிராணி தூவி, அதன்மேல் கவிழ்த்த பிரம்புக் கூடையில் முடியை விரித்துப் படுக்கலாம்.

அந்த வாசனைக்கும் எனக்கும் நடுவில் வந்தது ஒரு சின்னக் காகிதத் துண்டு அளவுள்ள பை. 1983-இல் கடலூரில் சி. கே. ரங்கநாதன் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனைக்கு அவருடைய தகப்பனார் சின்னிகிருஷ்ணனே முன்னோடி. நான் அப்போது வ.உ.சி. கல்லூரி மாணவன். பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய அந்தப் பைகளில் ஒன்றைப் பல்லால் கிழித்து, அதே உப்புத் தண்ணீரில் பொங்கிப் பொங்கி நுரை வந்ததைப் பார்த்த சந்தோஷம் இன்றும் நினைவிருக்கிறது. சோப்பு தோற்ற இடத்தில் ஷாம்பூ ஜெயித்ததற்கு அதன் இரசாயனம் எங்கள் தண்ணீருக்கு ஈடுகொடுத்ததே காரணம், அதை மறுக்க முடியாது. கண் எரியவில்லை, அண்டா வேண்டாம், அரை மணி நேரம் மிச்சம். கடற்கரை ரோட்டில் சைக்கிளில் போகும்போது முடி பறந்தது. வீட்டில் நாலு மருமகள்கள் வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. பங்குனி வெயிலில் பாய் விரித்துக் காவல் இருக்க ஆளில்லை. அந்தப் பை பெண்களுக்குக் கொடுத்த நேரத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பின்னாளில் அதே நிறுவனம் மீரா என்ற பெயரில் சீயக்காய்ப் பொடியையும் பாக்கெட்டில் போட்டுக் கடைக்கு அனுப்பியது; சீயக்காய் வீட்டுக்குள் திரும்பி வந்தது, மில் வரிசை திரும்பவில்லை. காலிப் பைகள் மட்டும் எங்கும் போகவில்லை. திரேஸ்புரத்துக் கரையில் வலை இழுக்கிறவர்கள் அவற்றை மீனோடு சேர்த்து இழுக்கிறார்கள்.

மகளுக்கு மூன்று வருடம் முன்பு கல்யாணம். அப்போது அவள் அழகு நிலையத்தில் முத்து ஃபேஷியல் செய்துகொண்டாள். முத்துக்குளித்துறையில், முத்துப் பொடியை முகத்தில் பூச, நான் பணம் கொடுத்தேன்! எங்கள் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல், நான் பிறப்பதற்கு முன்னால். தொள்ளாயிரம் பார் என்று கடலடியில் இருக்கும் சிப்பிப் படுகையின் பெயரைச் சொல்லும்போதே பெரியவர்கள் குரல் மாறும். கரையில் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு முத்தைப் பிரித்த நாட்களில் எழுந்த நாற்றத்தைக்கூட ஆசையோடு சொல்வார்கள். 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் எங்கள் ஊரில்தான் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அழகு நிலையத்துப் பொடி எந்தக் கடலிலிருந்து வந்ததோ. வீட்டில் பருவ வயதில் அக்கா முகத்தில் பரு வந்தபோது ஆச்சி ஒரு சங்குத் துண்டைக் கல்லில் பால் விட்டு உரைத்துப் பூசினாள். முத்தும் சங்கும் பெரும்பாலும் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். சங்கு குளிப்பவர்கள் கொண்டுவரும் உடைசலில் ஒரு துண்டு எங்கள் வீட்டு உரைகல்லோடு எப்போதும் கிடந்தது, அது யாருக்கும் ஆச்சரியமாக இருந்ததில்லை.

இன்னொன்று. திருநெல்வேலிச் சீமையின் மானாவாரிக் காடுகளில் விளையும் நிலவாகை இலை, டின்னவெல்லி சென்னா என்ற பெயரில் எங்கள் துறைமுகத்திலிருந்து பேல் பேலாகக் கப்பலேறி வெளிநாடுகளுக்குப் பேதி மருந்தாகப் போனது, இன்னும் போகிறது. மகள் சென்ற மாதம் அனுப்பிய படத்தில், நிறம் ஏற்றாத மருதாணி என்று ஒரு வெளிநாட்டுப் பொட்டலம்; முடி பளபளக்கப் பூசுவதாம். அது நிலவாகைக்கு உறவுக்காரச் செடியின் பொடி என்று அவளுக்குச் சொன்னேன். மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் முங்கி எடுக்கும் கடற்பாசியும் அப்படித்தான்: பற்பசையும் களிம்பும் கெட்டியாக நிற்கப் பாசியிலிருந்து எடுக்கும் பொருள் சேர்கிறது. இந்தக் கரை தன் பொருளை அனுப்பிவிட்டு அதன் பெயர் மாறிய பிறகு வாங்கிக்கொள்கிறது.

மகளிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இயற்கை என்று எழுதியிருப்பதாலேயே எதையும் முகத்தில் வைத்துவிடாதே. எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்துபோகும். சின்னக் குழந்தைக் கண்ணில் மை வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள், வீட்டில் விளக்கெண்ணெய்ப் புகையில் பிடித்த மையானாலும் வேண்டாம். அவள் கேட்டுக்கொள்கிறாள். அவளுடைய பொடி அருமையாக வந்திருக்கிறது, மணமும் சரி. புட்டிகளில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறாள். ஆனால் அவள் தலையில் அவளே எண்ணெய் வைத்துக்கொள்கிறாள், அவளே பொடி தேய்த்து, பூவாளிக் குழாய்க்குக் கீழே அவளே அலசிக்கொள்கிறாள். முதுகு நடுவில் கை எட்டவில்லை என்று நீண்ட கைப்பிடி வைத்த பீர்க்கை நார் ஒன்று வாங்கியிருப்பதாகச் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. எங்கள் வீட்டுக் குளியலில் எண்ணெய் காய்ச்ச ஒருத்தி, தேய்க்க ஒருத்தி, தண்ணீர் மொண்டு ஊற்ற ஒருத்தி, குளிப்பவனைப் பார்த்துச் சிரிக்க நாலு பேர் இருந்தார்கள். பொடியின் கணக்கை எழுதி அனுப்பிவிட முடிகிறது, அந்த ஆட்களை எப்படி அனுப்புவது? தீபாவளிக்கு வீட்டுக்கு வா, நானும் அம்மாவும் எண்ணெய் வைத்துவிடுகிறோம் என்று சொல்லியிருக்கிறேன்; மருமகனுக்கும் சேர்த்துத்தான், அவர் என்ன சொல்லப் போகிறாரோ.

அதற்குள் கணக்கைத் தீர்க்க வேண்டும். ஆச்சி எதையும் நிறுத்ததில்லை. பயறு இரண்டு கை, வெந்தயம் அரைக் கை, வெட்டிவேர் ஒரு பிடி. அவள் கை சின்னது, என் கை பெரியது. மகளோ ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று கேட்கிறாள். கார்போக அரிசி உண்டு என்று நான் சொல்கிறேன், முத்தையாபுரத்தில் இருக்கும் அக்கா கிடையவே கிடையாது என்று சாதிக்கிறாள். அக்காவின் கை அச்சு அசலாக ஆச்சியின் கை என்று வீட்டில் எல்லாரும் சொல்வதால் என் பேச்சு எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறாள். நாட்டு மருந்துக் கடையில் எல்லாம் வாங்கி வைத்தாயிற்று. அக்கா கையால் அள்ளிப் போட, நான் தராசில் நிறுத்துச் சொல்ல, மகள் போனில் இருந்துகொண்டு எழுதிக்கொள்வாள்.